கைப்பேசியில் நமக்கு வேண்டியது எது?

பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் முடிந்தால் போதும், கைப்பேசிக்கு வேறு வசதிகள் எதற்கு என்று சுங்கைப்பட்டாணியில் நண்பர்களிடம் வாதாடியவன் நான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடியிருக்க, பாடங்களைப் புலனத்தில் அனுப்பினோம். எங்கள் தோட்டத்து மாணவி ஒருத்தியின் வீட்டில் பொத்தான் கைப்பேசி மட்டுமே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பால்வெட்டு முடித்துத் திரும்பிய பிறகே, அவருடையதை இரவல் வாங்கிப் பாடம் பார்த்தாள். தாயார் என்னிடம் விளையாட்டையோ படக்கருவியையோ பற்றிக் கேட்கவில்லை. "பாடம் வர்ற போன் என்ன விலை சார்?" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 2ஜி நீடித்ததால் பொத்தான் கைப்பேசிகளில் பேச்சும் குறுஞ்செய்தியும் தொடர்ந்தன. அதற்கு முன்பே அந்தத் தாயார் தவணையில் புதியதொன்று வாங்கிவிட்டார். அவர் அதில் பேசுவதோடு சரி. மற்றதெல்லாம் மகளுக்கு.