குறை யாரிடத்தது?



விவாகமாகி ஆண்டுகள் சில சென்றும் மகப்பேறு வாய்க்காவிடின், நம் சமூகம் முதலில் நோக்குவது பெண்ணையே. அரசமரத்தைச் சுற்றுபவளும் அவளே. விரதம் நோற்பவளும் அவளே. ‘மலடி’ என்னும் சொல் நம் நாவில் எளிதில் எழுகின்றது. ‘மலடன்’ என்பதோ அகராதியில் உறங்குகின்றது. ஆயின், மகப்பேறற்ற தம்பதியருள் ஏறத்தாழச் சரிபாதியினரிடத்தில் ஆணின் குறையும் ஒரு காரணமாய் உள்ளதென்பது வைத்தியர் கண்ட உண்மை.

நான் வைத்தியனல்லன், ஆசிரியன். இருவர் சேர்ந்து செய்த கணக்குப் பிழைத்தால், இருவர் ஏட்டையும் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

நூறு ஆடவருள் ஏறத்தாழ ஒருவரின் விந்தில் விந்தணுவே காணப்படுவதில்லை. இல்லறவாழ்வில் யாதொரு குறையுமில்லாதவருக்கும் இந்நிலை இருக்கக்கூடும். ஆதலின் இதனை ஆண்மைக் குறைவெனக் கொள்ளுதல் தவறு. இதனை அறிதற்கு விந்தை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கும் எளிய பரிசோதனையே போதும்.

இந்நிலை இருவகைப்படும். ஒன்று, விதையில் விந்தணு உண்டாகியும், அது வெளிவரும் குழாய் அடைபட்டிருத்தல். மற்றது, உற்பத்தியே குன்றியிருத்தல். முன்னையதில், ஊசி கொண்டு விந்தணுவை எடுத்தல் பெரும்பாலும் கைகூடும். பின்னையதில் சத்திரசிகிச்சை வேண்டும். விதையைத் திறந்து, நுணுக்குக்காட்டியின் துணையோடு, நூலிழை போன்ற நுண்குழாய்களுள் பருத்தும் வெண்மையாயும் தோன்றுவனவற்றைத் தேர்ந்தெடுத்து ஆராய்வர். நியூயோர்க் வைத்தியர் பீற்றர் சிலெகல் 1999 இல் விளக்கிய முறை இது. இதனால் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் விந்தணு கிடைக்கின்றது.

கிடைப்பன மிகச் சிலவேயாயினும், ஒரு சூலுக்கு ஒரு விந்தணு போதும். ஒற்றை விந்தணுவை நுண்ணூசியாற் சூலினுட் செலுத்திக் கருவுறச் செய்யும் முறையினை, பிரசெல்ஸ் நகர ஆய்வாளர் 1992 இல் உலகுக்கு அறிவித்தனர்.

எனினும், இஃது எல்லோர்க்கும் பலிக்கும் மந்திரமன்று. செலவும் மிகுதி. குறை கணவனிடமே இருப்பினும், சூலெடுப்பதற்கான ஊசிகளையும் நோவையும் தாங்குபவள் மனைவியே. சில காரணங்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லக்கூடுமாதலின், பரம்பரைப் பரிசோதனையும் முன்னரே செய்தல் நன்று.

ஆகவே நேயர்களே, ஓராண்டு சென்றும் கருத்தரிக்காவிடின் கணவன் மனைவி இருவரும் ஒருங்கே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். மனைவி 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதத்திலேயே செல்லுக. மாமியாரும் சுற்றத்தாரும் மருமகளைக் குறைகூறுமுன், தம் மகனும் பரிசோதனை செய்துகொண்டானா என்று ஒருமுறை வினவட்டும். அவ்வினா ஒன்றே பல வீடுகளிற் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கும்.