வாங்காமல் விட்ட கையெழுத்து



பாண்டி பஜாரில் வாங்கிய என் ஆட்டோகிராஃப் புத்தகம் முழுக்க கிரிக்கெட் வீரர்கள்தான். புரட்டிப் பார்த்த தாத்தா, "நிஜமா குண்டு நடுவுல நின்னவங்க ஒருத்தர்கூட இல்லையேடா?" என்றார். ஜெனரல் குமாரமங்கலத்தைப் பற்றிச் சொன்னார். 1942-இல் லிபியப் பாலைவனப் போரில் காட்டிய வீரத்துக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் பெற்றவர், 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதி.

"பரீட்சை முடியட்டும், தாத்தா" என்றேன். 2000 மார்ச்சில் ஜெனரல் இதே சென்னையில் காலமானார். அவருக்கென்று ஒதுக்கிய பக்கம் இன்னும் வெற்றுத்தாள்தான்.

1971 போரில் நின்றவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். மயிலாப்பூரிலோ அடையாறிலோ உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். போய்ப் பாருங்கள். கையெழுத்தோடு கதையையும் கேட்டு வாங்குங்கள். பரீட்சை அடுத்த செமஸ்டரிலும் வரும்.