காலடியில் ஒரு கரும்புள்ளி



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். மாணவர் ஏட்டில் ஒரு புள்ளி தவறினும் கண்டுபிடிக்கும் எனக்கு, என் உள்ளங்காலில் தோன்றிய கரும்புள்ளி ஓராண்டுக் காலம் பொருட்டாகப் படவில்லை. சங்கராபுரத்து வரப்புகளில் வெறுங்காலுடன் நடந்து பழகியவனாதலின், முள் தைத்த வடு என்றே எண்ணினேன். அது பரந்தது, அதன் விளிம்பு கோணிற்று, ஒருநாள் குருதி கசிந்தது. மருத்துவர் சிறிது தசையெடுத்துச் சோதித்து, "மெலனோமா" என்றார்.

அஃது என்ன நோய்? தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின். அதனை ஆக்கும் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே மெலனோமா என்னும் புற்றுநோய். வெண்ணிறத் தோலினர்க்குப் பெரும்பாலும் வெயிலால் வருவது. நம்மவர்க்கு அரிது, வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் மறைந்திருக்கும். ஜமைக்கா நாட்டு இசைவாணர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டதும் இதுவே. 1981-இல், தம் 36-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எனக்கு அறுவை நடந்தது. புண் ஆறியதும், "இனி மருத்துவமனை எதற்கு?" என்றது மனம். உண்மையில் அது சோம்பல் அன்று, அச்சம். பரிசோதனை அறிக்கை வந்து மூன்று நாள் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்! தேர்வு முடிவுக்கு அஞ்சிய பிள்ளைகளை எத்தனை முறை கடிந்திருப்பேன்?

பின்னர்ப் பிரித்துப் படித்தேன். கட்டியின் ஆழம் 2.4 மில்லிமீட்டர், தொடையிடுக்கின் நிணநீர்க் கணு ஒன்றிலும் நோயணுக்கள் இருந்தன. ஆழத்தை இவ்வாறு அளந்து நோயின் போக்கை மதிப்பிடும் முறையை 1970-இல் வகுத்தவர் அலெக்சாந்தர் பிரெஸ்லோ. ஆழம் மிகுந்தால் நோய் மீளும் வாய்ப்பும் மிகும். ஆகவே அறுவை முதல் தாள் மட்டுமே, தேர்வு முடியவில்லை.

நம் உடலின் காவற்படையையே நோயின்மேல் ஏவும் மருந்துகள் இன்று உள்ளன. அதற்கு அடிகோலிய அலிசன், ஹோஞ்சோ இருவர்க்கும் 2018-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அம்மருந்தை எனக்கும் பரிந்துரைத்துள்ளனர். கடும் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே தெரிவிக்கவேண்டும் என்றும் எச்சரித்துள்ளனர்.

வரும் திங்கட்கிழமை செல்கிறேன். அறிக்கைகளின் படிகள், உண்ணும் மருந்துகளின் பட்டியல், கேட்கவேண்டிய வினாக்கள் யாவும் ஒரு பையில் உள்ளன. என் மகள் உடன் வருகிறாள். நான் கேட்க மறந்ததை அவள் கேட்பாள்.

குழந்தைகளே, பெரியோர் காலைத் தொட்டு வணங்குகிறீர்கள். அடுத்த முறை அவர்தம் உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். வளரும் கரும்புள்ளி கண்டால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.