இடுப்புப் பிடிப்பும் தவணைக்கு வரும் கருவிகளும்

செம்பனைக் குலையைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறார். "இடுப்புப் பிடித்துக்கொண்டது" என்கிறோம். தோட்டப்புறத்தில் இது புதிய செய்தி அல்ல. என் தகப்பனார் குலை வெட்டியவர். அவரை இருவர் தாங்கிப் பிடித்து லயத்துக்குக் கொண்டுவந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரையா, பையனின் சுற்றுலாப் பணத்தை அடுத்த மாதம் தருகிறேன்" என்றார். விசாரித்தேன். கணவருக்கு இடுப்புப் பிடிப்பு. லயத்துக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் மின்சாரக் கருவி ஒன்றையும், காந்தம் பதித்த இடுப்பு வார் ஒன்றையும் தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வலி போய்விட்டதா அம்மா?"

"மூன்று வாரத்தில் போய்விட்டது ஐயா. மெஷின் நல்ல மெஷின்தான்."

அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

திடீரென்று வந்து நான்கு வாரத்துக்கு மேல் போகாத வலியை மருத்துவர்கள் ஒரு தனி வகையாக வைத்திருக்கிறார்கள். இவ்வகை வலி, என்ன வைத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும், பெரும்பாலோருக்கு நாளடைவில் தானே தணிந்துவிடும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியும் இதையே கூறுகிறது. தானே தணியும் காலத்தில் எந்தக் கருவியை இடுப்பில் கட்டியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்பது போலத்தான்.

அப்படியானால் கருவி வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? நோயாளிகளை இரு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு உண்மைக் கருவி. மறு பிரிவுக்கு அதே தோற்றத்தில் ஒரு போலிக் கருவி. விளக்கு எரியும், மின்சாரம் வராது. இரு பிரிவினரும் ஒரே வேகத்தில் குணமடைந்தால் கருவிக்கு அதில் பங்கில்லை.

அந்தத் தாயார் வாங்கியது 'டென்ஸ்' என்னும் கருவி. தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்னதிர்வை அனுப்பும். கால் இடறினால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியை அடைக்கிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட இந்தக் கருத்திலிருந்தே டென்ஸ் வளர்ந்தது. கருத்து அழகானதுதான். ஆயினும் திடீர் இடுப்பு வலியில் அது பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. இதய முடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பிரிட்டனில் 2016இல் வந்த தேசிய மருத்துவ வழிகாட்டி, இடுப்பு வலிக்கு டென்ஸ், ஒலியலைக் கருவி, எடை கட்டி இழுக்கும் கருவி, இடுப்பு வார் ஆகிய எதையும் கொடுக்க வேண்டாம் என்றே கூறிவிட்டது. வாரை அணிந்தால் வலி வராமலாவது தடுக்குமா? அமெரிக்கக் கடைகளில் சரக்குத் தூக்கும் 9,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வார் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதில் காந்தம் பதித்திருந்தால் கூடுவது விலைதான்.

ஓரளவு நல்ல சான்று உள்ளது சூட்டுக்குத்தான். சோதனைகளில் பயன்பட்டது, சுமார் 40 டிகிரி இளஞ்சூட்டை எட்டு மணி நேரம் தரும் ஒட்டுப் பட்டை. வலியும் அசைவின்மையும் சில நாட்களுக்குச் சற்றுக் குறைந்தன. அவ்வளவுதான், அற்புதம் ஒன்றுமில்லை. என் தாயார் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். வெந்நீர்ப் பையும் போதும். துணி சுற்றி வையுங்கள். அதன்மேல் படுத்து உறங்காதீர்கள். தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைத்தால் தோல் வெந்துபோகும். இனிப்புநீர் உள்ளவருக்குச் சூடு உறைக்காமல் போகலாம், ஆகவே வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

கட்டிலையும் நான் ஒரு கருவியாகவே சேர்க்கிறேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரைக் கொண்டு 1995இல் வெளிவந்த ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவரைவிட, முடிந்த அளவு வழக்கம்போல் நடமாடியவர்களே விரைவில் தேறினர். அதற்காக மறுநாளே குலை தூக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடந்தால் போதும். வேலையில் நேர்ந்த பிடிப்பு என்றால், சொக்சோவுக்காக அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.

ஒத்தடத்துக்கும் காத்திருக்கக் கூடாத வலி ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நரம்பு நசுங்கியிருந்தால் தாமதத்தில் நடையே போய்விடக்கூடும். காய்ச்சலுடன் வரும் வலி, கீழே விழுந்தபின் வரும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

இவற்றை அந்தத் தாயாரிடமும் சொன்னேன். தவணை அப்போது இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. பையன் சுற்றுலாவுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்துக் கணவருக்கு மீண்டும் பிடித்துக்கொண்டபோது, மெஷினை அலமாரி மேலேயே விட்டுவிட்டு அடுப்பில் உப்பை வறுத்தாராம். இம்முறையும் மூன்று வாரந்தான் ஆயிற்று.