நாம் உண்ணும் காற்று
(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வாவி ஒருபுறமும் கடல் ஒருபுறமுமாக உள்ள ஊரில் இருந்துகொண்டு காற்றின் மாசைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அது டில்லிக்கும் கொழும்புக்கும் உரிய பேச்சு. எமக்குக் கச்சானும் வாடையும் இருக்கின்றன, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதே இங்குள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்க்கவே இன்று வந்துள்ளோம்.

சலரோகத்திலிருந்து தொடங்குவோம். ஒரு தாய்க்குச் சீனி வருத்தம் கண்டுவிட்டால் வீட்டார் முதலிற் கேட்பது என்ன? "தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போட்டாய்?" என்பதுதான். அடுப்படியில் நாளுக்கு எத்தனை மணி நேரம் நின்றாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் கேட்கவேண்டும் என்பதே எமது கட்சி.

உண்ட உணவை உடைத்துச் சத்தாக்குவதும், மிஞ்சியதைச் சேமித்து வைப்பதும், வேண்டும்போது எடுத்துச் செலவிடுவதுமான உடலின் ஓயாத வேலைக்கு அனுசேபம் என்று பெயர். இரத்தத்திலுள்ள குளுக்கோசு தசைக்குள் நுழையக் கதவு திறப்பது இன்சுலின். இதற்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு?

புகையிலே கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் உண்டு. ஒரு மில்லிமீற்றரை 1,000 கூறாக்கினால் அதில் இரண்டரைக் கூறுக்கும் குறைந்த பருமன் உடையவை. தெருப்புழுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இவையோ நுரையீரலின் சிற்றறைகள்வரை இறங்கிவிடுகின்றன. அங்கே காவல் நிற்கும் கலங்கள் இவற்றைப் பகைவரென விழுங்கி, அழற்சியை மூட்டும் பொருள்களைச் சுரக்கின்றன. அந்த அழற்சி இரத்தத்தின் வழியே கொழுப்புக்கும் ஈரலுக்கும் எட்டும்போது, அங்குள்ள கலங்கள் இன்சுலினின் சொல்லை முன்போலக் கேட்பதில்லை. 2009 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கொழுப்புணவு தின்ற சுண்டெலிகள் இரண்டு கூட்டமாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றுக்கு வடிகட்டிய காற்று. மற்றதற்கு நாளுக்கு 6 மணி நேரம், 24 வாரங்கள், நுண்துணிக்கை செறிந்த காற்று. சாப்பாடு ஒன்றே. ஆயினும் மாசுக் காற்றை உண்ட எலிகளிலேயே இன்சுலினுக்கு அடங்காமை மிகுந்தது.

எலிக்கதை எமக்கெதற்கு என்பீர்கள். 2013 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைக் கேளுங்கள். மிச்சிகன் மாநிலத்து நாட்டுப்புறத்தில் வாழ்ந்த நோயற்ற 25 பேரை நகரப்பகுதிக்கு அழைத்துவந்து, நாளுக்கு நாலைந்து மணி நேரமாக 5 நாள் அங்குள்ள காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். அது அப்படியொன்றும் மோசமான காற்றுமன்று. அந்த ஐந்து நாட்களில் துணிக்கை கூடிய அளவுக்கு அவர்களுடைய உடலிலும் இன்சுலினின் வேலை மந்தப்பட்டது.

எம்மவர் வாழும் சூழலுக்கு அருகிலுள்ள சான்று சென்னையிலிருந்து வந்தது. சென்னையிலும் டில்லியிலும் 12,000 பேருக்கு மேற்பட்டோரை 2010 முதல் 2017 வரை பின்தொடர்ந்து, 2023 இல் முடிவை வெளியிட்டார்கள். கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரித் துணிக்கை 10 மைக்குரோகிராம் கூடும்போது புதிதாகச் சலரோகம் காணும் வாய்ப்பு 22 சதவீதம் கூடியது. சென்னையின் ஆண்டுச் சராசரி 30 முதல் 40 வரை. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த எல்லையோ வெறும் 5.

சென்னை பட்டணம், படுவான்கரை பட்டணமா என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களின் கிராமங்களில் கருவுற்ற பெண்கள் 3,200 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. விறகு முதலியவற்றால் சமைத்த பெண்களின் உடலோடு கருவி பூட்டி அளந்தபோது, அவர்கள் சுவாசித்தது 70 மைக்குரோகிராம் அளவு. எரிவாயு அடுப்புப் பெற்ற பெண்கள் சுவாசித்தது 24 அளவு. அதாவது, வாகனமே காணாத ஒரு கிராமத்துக் குசினிப் பெண், சென்னைத் தெருவின் சராசரியிலும் ஏறத்தாழ இரு மடங்கை உட்கொள்கிறாள். (அச்சோதனையில் எரிவாயுவால் குழந்தைகளின் பிறப்பு நிறை கூடவில்லை என்பதையும் மறைக்கலாகாது. புகையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை.)

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தவை. 2022 இல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விட்டவர்களும் மீண்டும் விறகுக்கே போனார்கள். எமது துயரம் இன்னொன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாட்டின் சலரோகத்தைக் கணக்கிட்ட பெரிய ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் நோயுண்டு எனக் கண்டது. போர்க்காலமாகையால் வடக்கும் கிழக்கும் அதிற் சேரவில்லை. எமது தாய்மார் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வாடையை நம்புவோருக்கும் ஒரு சொல். 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் நின்றபோது, இந்தியாவின் மாசுக் காற்று கடல் தாண்டி இங்கு வந்து, டிசம்பர் 9 ஆம் திகதி பாடசாலைகளையே மூடவேண்டியதாயிற்று. காற்று அள்ளிப் போவதுமுண்டு, கொண்டுவந்து போடுவதுமுண்டு.

ஆனால் வாடை கொண்டுவருவதை நாம் தடுக்க முடியாது, குசினியிலிருப்பதைக் குறைக்கலாம். மாரியிலே நனைந்த விறகும் பொச்சுமட்டையும் எரிவதைவிடப் புகைவதே அதிகம். மாரிக்கு முன்பே வெட்டி அடுக்கிக் காயவைத்த விறகு பாதிப் பிணக்கைத் தீர்க்கும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைக்க வசதியில்லாதவர்கள் கூரையோரத்தை ஓரடி திறந்துவிட்டாலும் நல்லது. பொழுதுபட்டுக் காற்றடங்கும் வேளையில் வளவுக் குப்பையையும் பொலித்தீனையும் கூட்டிக் கொளுத்துவது எம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் புகை வாவிமேலேயே படுத்துக் கிடக்கிறது. நுளம்புத்திரியை மூடிய அறைக்குள் கொளுத்தி, குழந்தையை அதன் அருகே கிடத்துவதும் அப்படியே. நுளம்பு வலை இருக்க அது எதற்கு?

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். வரும் மாரிக்கு முன் பத்து வீடுகளுக்காவது போய், விறகடுக்க ஒரு கொட்டில் கட்டிக் கொடுங்கள். கம்பும் கிடுகும் ஊரிலேயே உண்டு. கிளினிக்குக்குப் போகும் தாய்மார், சீனிக் கணக்கைச் சொல்லும்போது அடுப்படிக் கணக்கையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.