அதிகம் ஓடிய வண்டி வாங்கும் தம்பிகளுக்கு

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பிள்ளை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலைக்குச் சேர்ந்தவுடன் வீட்டில் எழும் முதல் பேச்சு வண்டிதான். புது வண்டி லட்சத்தைத் தொடுகிறது. தவணையில் எடுத்தால் வட்டி. அது வேண்டாம் என்று ஒதுங்கி, கையில் இருக்கும் முப்பதாயிரத்துக்குப் பழைய வண்டி பார்க்கிறோம். நல்ல முடிவுதான். ஆனால் வண்டியே ஓட்டிப் பழகாத தம்பி, ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை எப்படி எடை போடுவது? அதைத்தான் பேச வந்தேன்.

முதலில் மீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மீட்டரை நம்பவும் செய்யாதீர்கள். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 21,000. மூன்றே வருடத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டிவிடும். அது ஒரே சீராக ஹைவேயில் ஓடிய ஓட்டம். இன்னொரு வண்டி இருபதாயிரம்தான் காட்டும். ஆனால் முன்னும் பின்னும் சேலை மூட்டை ஏற்றிக்கொண்டு, பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் நாள் முழுக்க முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் உழைத்த வண்டி அது. நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் முதல் வண்டிதான் நல்ல வண்டி. நூறு சிசி என்ஜின் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும்.

அது மட்டுமல்ல, கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றுபோகும். பழைய முள் மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999 ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் மற்ற இடங்களைப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, மீட்டர் பதினைந்தாயிரம் காட்டுகிறது என்றால் யார் சொல்வது உண்மை? ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ்ஷோ பேரிங்கோ போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், ஆறட்டும் என்று காத்திருங்கள். குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது. சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் வேலை வரும், அதற்குத் தகுந்தாற்போல் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். வண்டிக்கு இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுங்கள். செயின் செட், டயர், பிரேக் ஷூ என்று முதல் மாதமே செலவு வரும்.

புதிதாக ஓட்டுபவருக்கு இன்னொன்று. 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ ஏ.பி.எஸ்ஸோ கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டும் இருக்காது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கக் காலி மைதானத்தில் பழகாமல் வேலூர் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

இனி பேப்பர். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கன்சல்டிங்கில் 29, 30 ஃபார்மில் பழைய ஓனர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் பாய்" என்பார்கள். அந்தப் "பிறகு" வருடக்கணக்கில் வராது. சட்டப்படி விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளில் மாற்றக் கேட்க வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன? இன்ஷூரன்ஸில் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். அது ஆர்.சி.யில் பெயர் இருந்து, லைசென்ஸும் உள்ள ஓனருக்குத்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அல்லாஹ் காப்பாற்றட்டும், ஊரார் பெயரில் இருக்கும் வண்டிக்கு அந்தக் குடும்பம் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. பெயர் மாற்ற ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் ஃபைனான்ஸ் பாக்கி, இன்ஷூரன்ஸ் தேதி, கட்டாத அபராதம் எல்லாம் தெரியும். எச்.பி. கேன்சல் ஆகாத வண்டியைத் தொடாதீர்கள். சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு நேரில் ஒத்துப் பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு வாங்கித் தரும் அத்தாமார்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 25,000 ரூபாய், மூன்று வருடம் வரை சிறை. தண்டனை பெற்றோருக்கு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

கடைசியாக, விற்பவர்களுக்கு. நம் தெருவிலும் பழைய வண்டியைக் கன்சல்டிங்கில் விட்டுவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள். நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்ற வண்டியின் நம்பர் ஞாபகம் இருந்தால் இன்றிரவே பரிவாகனில் போட்டுப் பாருங்கள். தளத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் நம்பரைக் கொடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.