பீலித் தண்ணீர் பொது, மருந்து டியூப் பொதுவல்ல

(தோட்ட மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று நாம் கூடிப் பேசாத நாளில்லை. இன்று தோலில் வரும் புண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் சங்கம் பேசுகிற விஷயமா என்று சிலர் நினைக்கலாம். நாம் உடம்பை நம்பிப் பிழைக்கிறவர்கள். விரலில் சீழ் வைத்தால் கொழுந்து கிள்ள முடியாது. காலில் புண் வந்தால் மலை ஏற முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் இல்லை. ஆகவே இது நமது விஷயம்தான்.

நமக்குப் புண் வர வழிகள் பல. அட்டை கடித்த இடத்தைச் சொறிகிறோம். கவ்வாத்து வெட்டிய குச்சி கெண்டைக்காலைக் கிழிக்கிறது. நனைந்த படங்கு நாள் முழுக்க இடுப்பில் உரசுகிறது. தோல் உடம்புக்கு வேலி. வேலியில் ஓட்டை விழுந்தால் கிருமி நுழைகிறது. தோலில் சீழ் வைக்கும் புண்களுக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற இரண்டு வகைக் கிருமிகளே காரணம்.

பிள்ளைகளுக்கு இது வருகிற விதத்தைத் தாய்மார் அறிவீர்கள். மூக்கையும் வாயையும் சுற்றி, கை கால்களில், சிறு கொப்பளம் எழும்பும். அது உடைந்து நீர் வடிந்து, தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்குக் கட்டும். தொட்டால் தொற்றும். துவாய், தலையணை, சட்டை வழியாகவும் தொற்றும். பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் வரும்.

இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இருந்தால் டொக்டர் பூசுவதற்கு ஒரு டியூப் எழுதித் தருவார். முபிரோசின், பியூசிடிக் அசிட் என்பவை அப்படியான மருந்துகள். இவை வெறும் களிம்பு அல்ல, அன்டிபயோட்டிக். கிருமி வளர்வதற்குத் தேவையான புரதத்தை அது உண்டாக்க முடியாதபடி தடுக்கின்றன. உடம்பின் பல இடங்களில் புண் இருந்தால், அல்லது காய்ச்சல் இருந்தால் பூசுமருந்து போதாது. குடிக்கும் மருந்து வேண்டும். எது தேவை என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர்.

இனி நமது லயங்களில் நடப்பதைப் பேசுவோம். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு டியூப் கிடைக்கிறது. மூன்று நாளில் பொருக்கு விழுந்தால் பூசுவதை நிறுத்திவிடுகிறோம். மிச்ச டியூப் பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறது. அங்கிருந்து தொங்கல் வீட்டுக்குப் போகிறது. உப்பும் சீனியும் கைமாற்றிப் பிழைத்த சனம் நாம். இல்லையென்று சொல்ல மனம் வராது. அந்த நல்ல மனதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்தை அரைகுறையாகப் பாவித்தால் சாகாமல் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இதை எச்சரித்தார். பழகிய கிருமி துவாய் வழியே அடுத்த பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு அதே டியூப் வேலை செய்யாது.

இரவல் டியூப்பில் இன்னொரு கஷ்டமும் உண்டு. எல்லாப் புண்ணும் ஒன்றல்ல. படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது. அதற்கு இந்த மருந்து கேட்காது. சொறி சிரங்கு தோலுக்குள் புகும் சிறு பூச்சியால் வருவது. அதற்கு வேறு மருந்தை, அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். சில டியூப்களில் பெட்டமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் இருக்கும். அதைப் பூசினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், நோய் அடங்கியது போலத் தோன்றும், உள்ளே பரவிக்கொண்டிருக்கும். கெப்சூலைப் பிரித்துத் தூளைப் புண்ணில் தூவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

டொக்டர் எழுதித் தந்த மருந்தைப் பாவிக்கும் முறையைச் சொல்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

முதலில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். புண்ணைச் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவி, பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுங்கள். பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்து, மருந்தை மெல்லிசாகப் பூசுங்கள். அப்பிப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்பதில்லை. டியூப்பின் வாய் புண்ணில் படக் கூடாது. பூசிய பிறகும் கையைக் கழுவுங்கள். முபிரோசின் என்றால் வழக்கமாக நாளுக்கு மூன்று தடவை, பத்து நாள் வரை பூசச் சொல்வார்கள். உங்கள் துண்டில் எழுதியிருப்பதே உங்கள் கணக்கு. புண் காய்ந்தாலும் சொன்ன நாள் வரை பூசுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் குணம் தெரியாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். கண்ணில் படவிடாதீர்கள். பெரிய திறந்த காயத்திலும் தீப்புண்ணிலும் நீங்களாகப் பூசாதீர்கள். பிள்ளையின் துவாயைத் தனியாக வையுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள்.

டியூப்பை நம்பி வீட்டில் இருக்கக் கூடாத நேரமும் உண்டு. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவி, வீங்கி, சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலில் சின்னப் புண் என்றாலும் தாமதிக்க வேண்டாம். இன்னொன்றைத் தாய்மார் மறக்கவே கூடாது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் புண் வந்த பிள்ளைக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். புண் ஆறியிருக்கும். ஆனால் காலையில் முகம் வீங்கும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். அப்படிக் கண்டால் உடனே கொண்டு போங்கள், முன்பு புண் இருந்ததையும் சொல்லுங்கள்.

தோழர்களே, பழியை எல்லாம் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. டியூப் ஏன் கைமாறுகிறது? ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் போய் வர ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசு போகிறது. அன்டிபயோட்டிக்கை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். துண்டு எழுதும் டொக்டர் எட்டாத தூரத்தில் இருந்தால் சனம் வேறு என்ன செய்யும்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் ஒரே பாயில் படுத்தால் தொற்றாமல் இருக்குமா? தண்ணீர் வராத பீலியில் எந்தப் புண்ணைக் கழுவுவது?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் இவற்றைக் கேட்க வேண்டும். லயத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் நாள்தோறும் தண்ணீர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும். டிஸ்பென்சரி திறந்திருக்கும் நாளும் நேரமும் எல்லோருக்கும் தெரிய ஓர் அறிவித்தல். ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குப் பேர் வெட்டாத ஏற்பாடு. வேலையில் பட்ட காயத்தை அன்றே சொல்லிப் பதியவையுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. பதிவு இல்லாத காயத்துக்கு அதன் மூலம் நட்டஈடு கேட்பது கஷ்டம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புண் என்றால் டியூப்பைக் கொடுக்காதீர்கள். அந்தத் தாயோடு கூட நடந்து டொக்டரிடம் போங்கள். அவள் வரும் வரை மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவி அதுதான்.